தரையில் விடாத பிள்ளை

என் மகன் சூசைக்கு எட்டு மாதம் நிறைந்தபோது அவனுக்குக் குப்புற விழக்கூடத் தெரியவில்லை. மடியில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிவான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் துவண்டு தொங்கும். அது எழுபத்தைந்தாம் வருடம், ஜூன் மாதம். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. என் கணவர் அந்தோணி கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார்.

இதற்கு முன் நடந்ததைச் சொல்லாவிட்டால் ஆண்டவர் செய்ததைப் பற்றி நான் சொல்லும் இந்தச் சாட்சி பாதிப் பொய்யாகிவிடும். எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தாள். நாற்பது நாள் இருந்தாள். காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக ஒரு சின்னக் குழி. என் கையைப் பிடித்து மண் போட வைத்தார்கள். அந்த ஈர மண் விரலில் ஒட்டியது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சூசை வயிற்றில் இருந்தபோது மணப்பாட்டுக் கோயில் திருச்சிலுவைக்கு நேர்ச்சை வைத்தேன். பிள்ளை உயிரோடு பிறந்தால், செப்டம்பர் திருவிழா அன்று சிலுவை முன்னால் கிடத்துகிற வரைக்கும் அதன் உடம்பைத் தரையில் பட விடமாட்டேன் என்று. அவன் பிறந்ததோ அக்டோபரில். அடுத்த திருவிழாவுக்குப் பதினோரு மாதம் கிடந்தது. மாதத்தை எண்ணிப் பார்த்து நேர்ச்சை வைக்கிற புத்தி எனக்கு இல்லை. வைத்தது வைத்ததுதான்.

தூளி, மடி, இடுப்பு. இந்த மூன்றில்தான் வளர்ந்தான். பாயும் தரையோடு சேர்ந்ததுதானே என்று பாயில்கூடப் போடவில்லை. சோறு பொங்கும்போது இடுப்பில் அவன், மறுகையில் அகப்பை. தெருவே மெச்சியது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, ஒளிப்பானேன்.

பக்கத்து வீட்டில் என் நாத்தனார் ரோசம்மா. அவள் மகளும் சூசையும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளை மே மாதமே தவழ்ந்துபோய்க் கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்தது. ஜூனில் வாசற்படி தாண்டியது. பிள்ளை படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கொண்டுவந்த ரோசம்மா சூசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, கோவிச்சுக்கிடாதிய. இவனுக்குப் புத்தி எதும் மந்தமோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கொழுக்கட்டைத் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

அன்று முதல் தினமும் செபமாலை முடிந்ததும் ஒரே ஒரு மன்றாட்டு. ஆண்டவரே, என் பிள்ளையின் முதுகை நிமிர்த்தும். இரண்டு வாரம் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கேட்கிற காது அங்கே இல்லை என்று தோன்றிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா நம் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். கை, கால், முதுகு எல்லாம் அழுத்திப் பார்த்தார். என் செபமாலையை வாங்கி சூசைக்குக் காட்டி, அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடினார். அவன் கைக்குட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, செபமாலையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"மறைச்சாலும் சாமான் அங்கனதான் இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கான். புத்திக்கு ஒரு குறையும் இல்ல," என்றார். "வீட்டுல கீழ விட்டா என்ன செய்யுதான்?"

"கீழ விடுறது இல்லம்மா." நேர்ச்சையைச் சொன்னேன்.

அவர் சூசையை என் மடியில் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார், "கைய ஊனி, உருண்டு, முட்டி மோதினாத்தான் பிள்ளைக்கு முதுகு நிமிரும். தரையில விடுங்க."

அவர் வேறு சபைக்காரர், நம் நேர்ச்சையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. நேர்ச்சையை முறித்தால் ஆண்டவர் இவனையும் எடுத்துக்கொள்வாரோ. முறிக்காவிட்டால் பிள்ளை இப்படியே கிடந்துவிடுவானோ.

அந்த வாரம் மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்று பலத்தது. தோணியைக் கட்டிப் போட்டுவிட்டு அந்தோணி வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏளா, சிலுவை திருவிழாவுக்கு மட்டுமா அங்கன வருது? எப்பவும் அங்கனதான நிக்கு. நாளைக்கே போவோம்."

"நான் திருவிழான்னுல்லா சொல்லியிருக்கேன்."

"சொன்னது நீ. அவரு கேட்டாரா?"

அன்றிரவே சூசையின் துணிகளை எடுத்து மூட்டை கட்டினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மணப்பாட்டில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கோயிலில் கூட்டும் பெண் ஒருத்தியைத் தவிர யாரும் இல்லை. சிலுவை முன்னால் முழந்தாளிட்டேன். பிள்ளையை இறக்கக் கை வரவில்லை. அந்தோணி அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் நின்றார். கடைசியில் குப்புறக் கிடத்தி, அவன் வயிற்றுக்கு அடியில் இருந்த கையை உருவிக்கொண்டேன்.

வீறிட்டு அழுதான். அற்புதம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு அழுகை நின்றது. அவனுக்கு முன்னால் தரையில் மெழுகுவர்த்தி உருகிச் சிந்திக் காய்ந்த ஒரு பொட்டு. அதைப் பார்க்கத் தலையைத் தூக்கினான். கழுத்து நடுங்கியது. கையை நீட்டினான், எட்டவில்லை. மறுகையைத் தரையில் ஊன்றி உந்தினான். எட்டிவிட்டது. என் மகன் தானாகப் போன முதல் தூரம் அது, நாலு விரற்கடை இருக்கும். நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்று அழுதேன்.

இரண்டு வாரத்தில் உருண்டான். ஆகஸ்டில் உட்கார்ந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் படி தாண்டினான். முதல் தட்டுக் கொழுக்கட்டை ரோசம்மாவுக்குத்தான் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே இரண்டு தின்றாள்.

நேர்ச்சை வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்ததால் நான் மண்ணுக்கே பயந்துபோயிருந்தேன். அந்தப் பயத்துக்கு நேர்ச்சை என்று பேர் வைத்திருந்தேன். பாதியில் விட்ட மன்றாட்டையும் ஆண்டவர் கேட்டிருந்தார். உங்களுக்கும் அப்படி ஒரு பயம் இருந்தால், அதை அவர் முன்னால் இறக்கி வையுங்கள். பிறகு கையை உருவிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு மணப்பாட்டு மணலில் சூசை நடந்தே வந்தான். தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டான். கோயிலுக்குப் போவதற்குள் மூன்று முறை விழுந்தான், மூன்று முறையும் தானே எழுந்தான். முழங்காலிலும் உள்ளங்கையிலும் அப்பியிருந்த மண்ணை என்னிடம் நீட்டிக் காட்டிச் சிரித்தான். நான் அதைத் தட்டிவிடவில்லை.