சுபாங் மாடியில் கடைசியாக நின்றவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிய நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பெர்த்திலிருந்து கதிரவேலு அண்ணனின் மகள் மனோ. "ஆன்டி, அப்பா போயிட்டார்" என்றாள். பேசி முடித்து வருவதற்குள் தோசை கருகி வீடெல்லாம் புகை. யாரிடமாவது சொல்லி அழலாம் என்று வாசலுக்கு வந்தேன். நான் இப்போது இருக்கும் இந்தப் பூச்சோங் தெருவில் அண்ணனைத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பாவம், கையைப் பிடித்துக்கொண்டார்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் பின்னால் இருந்த நம் வரிசை வீடுகளில் வளர்ந்து, இன்று லண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கும் உங்களுக்கு. இந்தச் சிறப்பு மலர் தபாலில் உங்களைத் தேடி வரும் என்று சொன்னார்கள். கடைசி வீட்டுக் கதிரவேலு அங்கிளை மறந்திருக்க மாட்டீர்கள். ரயில்வே ஆபீஸ் கிளார்க். யுத்தம் தொடங்கிய காலத்தில் இந்தியாவில் படித்துக்கொண்டிருந்தவர், வெள்ளைக்காரன் விமானப்படையில் சேர்ந்து பர்மா எல்லையில் ஒற்றையாள் போர் விமானம் ஓட்டியவர். "ஆகாசத்துல பறந்த மனுஷன், கடைசியில தண்டவாளத்துல வந்து விழுந்தீங்களே" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "தண்டவாளம் நல்லது. எங்க போகுதெண்டு முன்னமே தெரியும்" என்பார் அண்ணன். அதற்கு மேல் யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியாது.

எழுபதுகளில் நம் வரிசையிலிருந்து யார் வெளிநாடு போனாலும் வாடகை வேன் பிடித்து எல்லோரும் சுபாங் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவோம். மாலை, கண்ணீர், வழியனுப்பும் மாடியில் கைக்குட்டை ஆட்டல். விமானம் மேலே ஏறியதும் அழுகை நின்றுவிடும், கீழே கேன்டீனில் பரோட்டாவும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும் காத்திருக்கும். அண்ணன் மட்டும் இறங்கி வரமாட்டார். அவரைக் கூட்டி வருவது எப்போதும் என் தலையில்தான் விழும்.

முதல் முறை எனக்கு நல்ல கோபம். "என்னாண்ணே, ப்ளேன் போய் எவ்வளவு நேரமாச்சு! வேன்காரன் கத்துறான் லா!"

"இன்னும் தெரியுது, டீச்சர்."

"எங்க தெரியுது? எனக்கு ஒன்னும் தெரியலையே!"

"எனக்குத் தெரியுது. நீங்கள் போங்கோ, வாறன்."

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றார். சரியான கிறுக்கு என்று முணுமுணுத்தபடி நான் படியிறங்கினேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஓசி வேன் சவாரிக்கு வருகிறார் என்று சொன்னவர்களும் நம்மில் உண்டு. பெயர் வேண்டாம்.

மனோ பல் வைத்தியம் படிக்கப் பெர்த்துக்குப் போன அன்றும் அவர் அதே இடத்தில்தான் நின்றார். அவருடைய மனைவி என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை. மனோ அங்கேயே வேலை, கல்யாணம் என்று தங்கிவிட்டாள். பிறகு மனைவியும் காலமானார். கடைசி வீட்டில் அவர் தனி, என் வீட்டுக்காரர் போன பிறகு நடு வீட்டில் நான் தனி. இடையில் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. காலையில் அவர் என் வீட்டுக்கு வந்து பேப்பர் படிப்பார், நான் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துவேன். பேச்சு அதிகம் இருக்காது. ஆனால் அவர் வராத நாளில் எனக்குத் திருத்தும் கை ஓடாது.

அப்படி ஒரு காலையில் வீடுகளின் சொந்தக்காரன் ஆள் அனுப்பினான். வரிசை முழுவதையும் இடிக்கப்போகிறார்களாம். எனக்குப் பூச்சோங்கில் மகன் வாங்கிய வீடு இருந்தது. அண்ணனுக்கு மனோவை விட்டால் போக்கிடம் இல்லை. அவளோ வாரம் தவறாமல் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "கிள்ளானிலே ஒரு அறை பாக்கிறன்" என்றார் இவர். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பேரப்பிள்ளைங்க முகத்தையே பாக்காம ரூம்ல கிடந்து சாகப்போறீங்களா? ப்ளேன் ஓட்டுன மனுஷனுக்கு ப்ளேன் ஏற என்னா பயம்?"

பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் சொன்னார்.

அவர்கள் இரண்டிரண்டு விமானமாகப் போவார்களாம். முன்னால் போகிறவருக்குத் தரையைப் பார்க்கும் வேலை, எதிரி எங்கே, லோரி எங்கே, பாலம் எங்கே என்று. அவருடைய முதுகைக் காப்பது பின்னால் போகிறவரின் வேலை. அவரை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. அண்ணன் எப்போதும் பின்னால் போகிறவர்.

"ஒருநாள் எண்ணெய் அளவு காட்டுற முள்ளைக் குனிஞ்சு பாத்தன், டீச்சர். ஒரு கணம்தான். நிமிர்ந்தன். ஆளைக் காணேல்லை. எண்ணெய் முடியிற மட்டும் சுத்திச் சுத்தித் தேடினன். தனியத்தான் திரும்பி வந்தன்."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "போறவையை ஆராவது கடைசி மட்டும் பாக்க வேணும். நான் போனால் என்னை ஆர் பாக்கிறது?" என்றார்.

இத்தனை வருஷம் கிறுக்கு என்று நினைத்திருந்தேனே! "நான் நிக்கிறேண்ணே. இடி விழுந்தாலும் நிக்கிறேன். நீங்க மகள்கிட்ட போங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தனிச்சுப் போகுமே" என்றார். "எனக்கென்ன, மகன் இருக்கான்" என்று பெரிதாகச் சிரித்து வைத்தேன்.

அவரை வழியனுப்ப வேன் வரவில்லை. ஒரே ஒரு டாக்சி, நாங்கள் இரண்டு பேர். உள்ளே போகும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நிப்பீங்களோ?" "போங்கண்ணே, ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்று விரட்டினேன். விமானம் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மாடியில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். நான் அவர் பிடித்து நின்ற கம்பியையே பிடித்துக்கொண்டு நின்றேன். மேகத்துக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, மறுபடி நுழைந்தது. புள்ளிகூட இல்லை என்று ஆன பிறகும் எனக்குச் சந்தேகம், இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் பெர்த்திலிருந்து போன். சுகமாக வந்து சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை, மனிதர். "மழையெல்லோ, நிண்டனீங்களோ?" என்றுதான் கேட்டார். நின்றேன் என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார்.

அங்கே இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. தகனத்தைப் பற்றி மனோவிடம் கேட்டேன். அந்த ஊரில் பெட்டி ஒரு திரைக்குப் பின்னால் போய்விடுமாம். வந்தவர்கள் தேநீர் குடிக்க அடுத்த அறைக்குப் போய்விடுவார்களாம். எனக்குப் பகீர் என்றது. "அப்ப யாரும்மா நின்னது?" என்று கத்தியே விட்டேன்.

"நான் நிண்டனான், ஆன்டி. கடைசி மட்டும். வந்து கூப்பிட்டவை, நான் போகேல்லை" என்றாள். அவருடைய மகள்தானே.

லண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் ஜன்னலோரத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு அழுத அந்த நாட்களில், நாங்கள் கீழே பரோட்டா தின்றுகொண்டிருந்தோம். உங்கள் ஒவ்வொருவரையும் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். இது உங்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அப்படி நிற்பதைத்தான். அடுத்த மாதம் என் மகன் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போகிறான். "மாடிக்கெல்லாம் ஏறாதீங்கம்மா, கால் வலிக்கும், அப்படியே டாக்சி எடுத்து வீட்டுக்குப் போயிடுங்க" என்கிறான். சரிப்பா என்று சொல்லியிருக்கிறேன். அவன் உள்ளே போனதும் படியேறிவிடுவேன். அண்ணன் நின்ற இடம் எனக்குத் தெரியும். கடைசிப் புள்ளி மறையும் வரை அங்கே நிற்பேன், அதற்குப் பிறகு தனியாக வீட்டுக்கு வருவேன்.