மேலிருந்து பார்த்தால் பூ

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குழுவில் இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் நித்திரையானாள். நாளை நேர்சரியில் அவளுடைய முதல் டான்ஸ். மேடையில் நின்று அழுதுவிடுவாளோ என்று நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன்...

அவளுக்காக மஞ்சள் துணியில் இதழ் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஈரப் புல்லின் மணம் ஞாபகத்துக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் கவுன்சில் ஃப்ளாட்டுக்குக் கீழே உள்ள புல்தரை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாங்கள் வட்டமாகப் படுத்திருக்கிறோம். முதுகெல்லாம் ஈரம். மேலே எங்கள் பல்கனியில் நின்று அம்மா கத்துகிறார்.

"காலை மடக்குங்கோ! இனி மெல்ல நீட்டுங்கோ... பூ விரியுது, பூ விரியுது!"

நாங்கள் எல்லாரும் பரதநாட்டிய ரீச்சர் தாளம் வராது என்று கழித்துவிட்ட பிள்ளைகள். கலைவிழாவில் மற்றவர்கள் ஆட, நாங்கள் சனம் இருக்கக் கதிரை அடுக்க வேண்டியதுதான். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ரி.வி.யில் பழைய ஹொலிவூட் நடன அமைப்பாளர் ஒருவரின் வாழ்க்கையைக் காட்டினார்கள். டான்ஸை முறையாகப் படிக்காத மனிதர். ஆமியில் அணிவகுப்புப் பழக்கியவர். பிறகு மேடை, பிறகு சினிமா. கமராவைக் கூரைக்கு ஏற்றி, கீழே பெண்களைப் பூவாகவும் நட்சத்திரமாகவும் விரிய வைத்தாராம். அம்மா அதை ரெக்கோர்ட் பண்ணி, திரும்பத் திரும்ப ரிவைண்ட் பண்ணிப் பார்த்தார்.

"அந்தாளும் டான்ஸ் படிக்கேல்லை, நானும் படிக்கேல்லை. பிறகென்ன?"

"அவருக்கு ஹொலிவூட். உமக்குச் சேர்ச் ஹோல்," என்றார் அப்பா.

சேர்ச் ஹோலில் விழா நாள். திரை விலகியது, பாட்டுத் தொடங்கியது, நாங்கள் படுத்தோம்...

கீழே இருந்த சனத்துக்குத் தெரிந்தது எங்கள் உள்ளங்கால்கள் மட்டும்.

"என்னப்பா, பிள்ளையளைப் படுக்கப் போட்டிருக்கினம்? நித்திரையோ?" என்று முன்வரிசை மாமா ஒருவர் கேட்க, ஹோலே சிரித்தது. முழுதும் பல்கனியில் நின்றே பழக்கிய அம்மா, கீழேயிருந்து இது எப்படித் தெரியும் என்று யோசிக்கவேயில்லை. மேடை ஓரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அப்பாவின் குரல். அழுத என் சின்னத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஹோலின் பல்கனிக்குப் போயிருந்தார்.

"இஞ்சை மேலை வந்து பாருங்கோ! பூவப்பா, பூ!"

முதலில் எழும்பியவர் பரதநாட்டிய ரீச்சர். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னால் முழுச் சனமும், வீடியோ எடுத்த அண்ணை உட்பட. பாட்டை மறுபடி போட்டார்கள். கீழே வெறும் கதிரைகள்... மேலே கைதட்டல். நடுவில் ரீச்சரின் குரல்: "ஓரத்திலை கிடக்கிற பிள்ளை, காலை மடக்கும்!"

அந்தப் பிள்ளை நான்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு கலைவிழாவிலும் அம்மாவின் டான்ஸ் ஒன்று இருந்தது. எல்லாம் நின்றுகொண்டு ஆடுகிறவை!

இப்போது என் மகள் சூடான அறையில், சுவர் முழுக்கக் கண்ணாடி பார்த்துப் பழகுகிறாள். உடம்பில் ஒரு புல்கூட ஒட்டுவதில்லை. நல்ல வசதிதான்... ஆனால் கண்ணாடிக்கு "பூ விரியுது" என்று கத்தத் தெரியாதே.

இன்று பின்னேரம் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"நாளைக்கு அவள் ஆடுற ஹோலில பல்கனி இருக்கோ?"

"இல்லையம்மா."

"அப்ப நேரத்தோட போய் முன்னுக்கு இருப்பம். அவள் அழமாட்டாள். நீ அழாமல் இரு."

அன்றைய வீடியோ கசெட் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது. மகளுக்குக் காட்ட உங்களில் யாரிடமாவது ஒரு கொப்பி இருந்தால், தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.