குளிரின் மேல் போட்ட பழி

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ரயில்களின் உணவுப் பெட்டிகளுக்குச் சாமான் ஏற்றும் களஞ்சியத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே சுவரில் ஒரு தொலைபேசி உண்டு. அது தொழிலாளருக்கானது அல்ல. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு றிசீவரை நீட்டியபோதே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்துவிட்டது. மறுமுனையில், முன்பு என்னோடு ஒரே வீட்டில் இருந்த யோகன் பேசினார்.

“அண்ணை, பீ.எச்.ஐ. அண்ணை மோசம் போயிட்டார்.”

எப்படி என்று கேட்டேன். “மூச்சு நிண்டிட்டுது. வாங்கோ, நேரிலை சொல்லுறன்,” என்று வைத்துவிட்டார். கையில் இருந்த பால் பெட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

இப்போது முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. கூர் நகரத்தில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும், பீ.எச்.ஐ. அண்ணையின் மைத்துனர், நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூடவே ஓர் ஆலோசனையும் சொன்னார். “குளிர் ஒத்துவரேல்லை எண்டு எழுதிவிடுங்கோ அண்ணை. அக்காவுக்கு அவ்வளவும் காணும்.”

அக்கா என்றது ஊரில் இருக்கும் பீ.எச்.ஐ. அண்ணையின் மனைவியை. அந்த அம்மையாரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அப்படி எழுத என்னால் முடியாது. இதே குளிரில் எழுபது வயதுக் கிழவர்கள் தோளில் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். கன்னம் சிவந்து இறங்கி வருகிறார்கள். அவர்களுக்கு ஒத்துவருகிற குளிர் இவருக்கு மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? குளிருக்கு வாயில்லை, யார் பழி போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

தம்பிப்பிள்ளை குமாரவேலு அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருபது வருடங்களுக்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, அதாவது பீ.எச்.ஐ. ஆக இருந்தவர். பேக்கரி, தேநீர்க்கடை, கிணறு, மலசலகூடம் எல்லாம் அவருடைய கண்காணிப்பில் இருந்தன. “பீ.எச்.ஐ. வாறார்” என்று ஒருவர் சொன்னால் சந்தியில் வடைத் தட்டுகள் எல்லாம் தாமாகவே மூடிக்கொள்ளுமாம். இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டு, அடிபட்டு, வெளியே வந்தபின் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

இங்கே அகதி விண்ணப்ப விசாரணையில் தொழிலைக் கேட்டபோது முத்திரை குத்திய சான்றிதழை மேசையில் வைத்திருக்கிறார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படிவத்தில் ‘உதவியாள்’ என்று தட்டச்சு செய்தாராம். வேலை அனுமதி வந்தபோது அதுவும் சமையலறைக்கும் துப்புரவுக்கும் மட்டுமே வந்தது.

நாங்கள் சந்தித்தது ஏரிக்கரையில் உள்ள ஒரு பணக்கார நகரத்தில். பெயரை எழுதாமல் விடுகிறேன். ஏனென்றால் நம்மவர்கள் இன்றும் அகதிகளைப் பார்க்கிற அதன் நலன்புரிக் கந்தோரின் வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி, என்றோ ஒருநாள் இடிப்பதற்கென்று விட்டுவைத்திருந்த பழைய வீட்டின் நான்கு அறைகளில் பத்துப்பேர் இருந்தோம். இவர் பதினோராவது ஆளாக வந்து சேர்ந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வடக்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிறகு கையை முகர்ந்தார்.

“இந்த வீட்டிலை ஆருக்கெல்லாம் இருமல்?”

மூன்று பேர் கையை உயர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் யோகன். ஊரில் மினிபஸ் ஓட்டியவர், நாக்கில் எப்போதும் கொஞ்சம் உப்பு இருக்கும். அவர் புதிதாக வந்தவரை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் பீ.எச்.ஐ. குமாரவேலர் எல்லோ? என்ரை மாமான்ரை தேத்தண்ணிக் கடையை மூண்டு கிழமை பூட்டினது நீங்கள்தானே?”

“ஓம். கிணத்துக்கும் கக்கூசுக்கும் இடையிலை பத்தடி. இப்ப எப்பிடி, கக்கூசை மாத்திப்போட்டாரோ?”

“மாத்தினவர். உங்களைத் திட்டித் திட்டி மாத்தினவர்.”

“திட்டினாலும் பரவாயில்லை, மாத்தினாரே,” என்று சொல்லிவிட்டுத்தான் பையை வைத்தார். அன்றிலிருந்து யோகன் அவரை ஓயாமல் நக்கலடித்தார்; அவருக்குச் சோறு போட்டு வைத்ததும் யோகன்தான்.

பீ.எச்.ஐ. அண்ணைக்கு இளவயது முதல் தொய்வு என்கிற மூச்சிழுப்பு இருந்தது. ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மாரியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுமாம். இந்த வீட்டில் அது குடியேறிவிட்டது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. கூரைப் பீலி உடைந்து தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கியது. அவர் வேலை செய்த உணவகத்தின் பாத்திரம் கழுவும் இடமும் நிலத்துக்குக் கீழேதான் இருந்தது. நாள் முழுக்க ஆவியிலும் காரமான கழுவுமருந்திலும் நின்றுவிட்டு, நனைந்த சேட்டுடன் பனிக்குள் நடந்து, ஈரமான அறைக்கு வந்து படுப்பார். படுப்பார் என்பதும் சரியில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருப்பார்.

ஒருநாள் அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது கொஞ்சம் ஜெர்மன் வந்திருந்தது. வைத்தியர் வயதானவர், நல்ல மனிதர். முதுகில் காது வைத்து நெடுநேரம் கேட்டார். எங்கே வேலை, எங்கே இருப்பிடம் என்று கேட்டார். பிறகு, “மருந்து நான் தரலாம். ஈரமில்லாத அறையை நான் தரமுடியாது. அதற்கு ஒரு கடிதம் தருகிறேன்,” என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. “தம்பி, இந்த மனுசன் எங்கட டிப்பார்ட்மென்ற் ஆள்,” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் பழைய பாடத்தையே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். “வருத்தம் ஆளிலை தொடங்கிறேல்லை. ஆள் இருக்கிற இடத்திலைதான் தொடங்குது. ஒரு வீட்டிலை வருத்தம் எண்டால் முதலிலை சுவரைப் பாரும்.”

அந்தக் கடிதத்தை நலன்புரிக் கந்தோரில் கொடுத்தோம். வேலை செய்து சம்பளம் வாங்குகிறவர் வீட்டைத் தானே தேடிக்கொள்ளலாம் என்றார்கள். தேடினோம். வீட்டுச் சொந்தக்காரர்கள் விசாவைக் கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். திரும்பக் கந்தோருக்குப் போனால், வேலையை விட்டால் உதவிப்பணத்தில் வைத்திருப்போம் என்றார்கள். எங்கே என்று கேட்டோம். அதே வீட்டில்தான். செக்குமாடுகூட எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கும்.

அப்போதுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். “தனி ஆளின்ரை கடிதத்தை மேசைக்குக் கீழை போடுவினம் தம்பி. ஒரு வீட்டைப் பற்றின ரிப்போட்டை அப்பிடிப் போட ஏலாது. போட்டால் நாளைக்கு அவையள்தான் பதில் சொல்லவேணும்.”

இருபது வருடம் அறிக்கை எழுதிய மனிதர். எழுதியவை எல்லாம் பலித்ததைக் கண்டவர். அதனால் அறிக்கை என்ற பொருளில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் நாடாவை எடுத்து வீட்டை அளந்தார். யோகன் மறுமுனையைப் பிடித்தார். அறைக்கு எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு காற்று, எந்த யன்னல் திறக்காது, ஈரம் தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று நாலு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக் கலங்களாகப் பிரித்து, கடைசிக் கலத்தில் ‘திருத்தவேண்டியவை’ என்று குறித்தார். பீலியை மாற்றுக, வடக்கு அறையை மூடுக, ஆட்களை ஆறாகக் குறைக்க, மருத்துவக் கடிதம் உள்ளவருக்கு வேறிடம் கொடுக்க. எனக்கு ஜெர்மன் படிப்பித்த ஆசிரியை அதை மொழிபெயர்த்துத் தந்தார். பதினொரு பேரும் கையெழுத்து வைத்தோம். கந்தோரில் கொடுத்துவிட்டு வரும்போது அண்ணை, ஊரில் வேலைக்குப் போய்வருகிற ஆளைப்போல நிமிர்ந்து நடந்தார்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அவர்களை அறை அறையாகக் கூட்டிப்போனார். அறிக்கை மிகவும் நேர்த்தியாக இருக்கிறது என்று கைகொடுத்துப் பாராட்டினார்கள். அவரும் அன்று மருந்தை வாய்க்குள் அடிக்காமலேயே நித்திரை கொண்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. வீடு மனிதர் வசிக்க உகந்தது அல்ல என்று அவருடைய அறிக்கையின் வசனங்களையே எடுத்து எழுதியிருந்தார்கள். ஆகவே மாதமுடிவில் வீடு மூடப்படும். வசிப்பவர்கள் அனைவரும் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே உள்ள குடிசார் பாதுகாப்பு நிலவறைக்கு மாற்றப்படுவார்கள். ‘திருத்தவேண்டியவை’ என்ற கடைசிக் கலத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நிலவறை என்றால் பங்கர். ஊரில் குண்டுக்குப் பயந்து பங்கர் வெட்டிவிட்டு வந்தவர்களை இங்கே குண்டே விழாத நாட்டில் பங்கருக்குள் இறக்கினார்கள். மூன்றடுக்குக் கட்டில்கள். கட்டிலில் இலக்கம். யன்னல் கிடையாது. காற்றை ஓர் இயந்திரம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் வெளியேறவேண்டும், பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் கதவு திறக்கும். சுகமில்லாதவர்களுக்கும் அதே விதி.

இறங்கிய முதல் நாளில் நடந்ததை இங்கே எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையில் நான் ஒரு பொய்யன். எல்லோரும் அவர்மேல் எரிந்து விழுந்தார்கள். யோகன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். “உங்கட ரிப்போட் எங்களை உயிரோடை தாட்டுப்போட்டுது அண்ணை.” அவர் கட்டிலின் கீழ்த்தட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிர இடம் இல்லை. “ரிப்போட்டிலை பிழை இல்லைத் தம்பி,” என்றார். குரல் உயரவில்லை. அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கவேண்டும் என்று எத்தனையோ தரம் வாய்வரை வந்தது. வெட்கம் விடவில்லை.

சில மாதங்களில் என் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அவருடையது நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் நின்றது. அடி வாங்கியவர் அவர், அடிக்குப் பயந்து ஓடிவந்தவன் நான். இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு ஓல்டனில் வேலையும் ஒரு சின்ன வீடும் கிடைத்தன. விடுமுறை நாளில் அவர் என்னிடம் ரயில் ஏறி வருவார். யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அதன் கீழே பாய் போட்டு, கால் நீட்டிப் படுப்பார். இரண்டு நாளில் நெஞ்சின் இழுவைச் சத்தம் அடங்கிவிடும். திரும்பப் போகும் நேரம் வந்ததும் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்துவார். “பங்கரைப் பற்றியும் ஒரு ரிப்போட் எழுதலாம். ஆனா எழுதினால் அடுத்ததா எங்கை கொண்டுபோய் விடுவினமோ தெரியாது,” என்பார். நாங்கள் இருவரும் சிரிப்போம்.

என்னோடு வந்து இருப்பதற்குக் கன்ரோன் மாற்றம், அதாவது மாநிலம் விட்டு மாநிலம் மாறும் அனுமதி, கேட்டு விண்ணப்பித்தோம். வைத்தியர் இரண்டாவது கடிதமும் தந்தார், முன்னையதைவிடக் கடுமையாக எழுதி. அது மறுக்கப்பட்டது. நிலவறையின் காற்று வடிகட்டப்பட்டது, விதிகளின்படி போதுமானது, ஆகவே மருத்துவக் காரணம் பொருந்தாது என்று பதில் வந்தது. அவர் அதை இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகு சுவர், காற்று, யன்னல் எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை யோகன் விசாரித்துச் சொன்னார். முற்பகல் பதினொரு மணிக்கு அண்ணைக்குப் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் மூச்சு முட்டியிருக்கிறது. சமையல் தலைவர் கெட்டவர் அல்ல. வீட்டுக்குப் போய்ப் படு என்று இரக்கத்தோடு அனுப்பியிருக்கிறார். வீடு ஐந்து மணிக்குத்தான் திறக்கும். அதை அவரிடம் சொல்ல அண்ணைக்கு மொழியும் இல்லை, மனமும் இல்லை. பூட்டிய கதவுவரை போய்ப் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு வந்து, காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். சரிந்ததைப் பார்த்து அம்புலன்சைக் கூப்பிட்டது சீட்டு விற்கும் பெண். வைத்தியசாலை போய்ச் சேரவில்லை. அவருடைய சேட்டுப் பையில் ஓல்டனுக்கு ஒரு பயணச்சீட்டு இருந்தது. வேலைநாளில் அவர் என்னிடம் வந்ததே கிடையாது.

இதுதான் குளிர் ஒத்துவராமல் போன கதை. அக்கா, உங்களுக்கு ஆறுதலாக எழுதத் தெரியாமல் போனதற்கு என்னை மன்னியுங்கள்.

அவர் இறந்த மறுநாள் நானும் யோகனும் அந்த நகரத்தின் மயானத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் இறந்தால் தகனம் வரை எல்லாம் நகரசபையின் பொறுப்பு. வெளிநாட்டவர், விசாவுள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இல்லை. பொறுப்பாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களை ஒரு நடைபாதை வழியாகக் கூட்டிச்சென்றார். ஒரு கதவில் குமாரவேலு என்று பெயர் எழுதி மாட்டியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை. உள்ளே வெள்ளைச் சுவர், ஒரு பூச்சாடி, தோட்டத்தைப் பார்த்த பெரிய யன்னல். நடுவில் அவர் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

“இந்த அறை எத்தினை பேருக்கெண்டு கேளுங்கோ அண்ணை,” என்றார் யோகன்.

கேட்டேன். பொறுப்பாளருக்கு என் கேள்வி விளங்கவில்லை. இன்னொருமுறை கேட்டேன். “இவருக்கு மட்டும்தான். மூன்று நாளைக்கு,” என்றார். எந்த விண்ணப்பமும் கேட்கவில்லை, எந்தக் கடிதமும் கேட்கவில்லை. யோகன் சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார்.

பயணம் போகிறவரைப் போயிட்டு வாங்கோ என்று சொல்லி அனுப்புவது நம்முடைய வழக்கம். வாசலில் நின்றபோது எனக்கு அது வாயில் வந்தது. ஆனால், திரும்பி வாங்கோ என்று எந்த முகத்தோடு சொல்வேன்? போங்கோ அண்ணை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.