பகலில் மெலிந்த ஓடை

பகல் ஒன்றரை மணிக்குப் பீலியில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. மாசி வெயில். கலஹாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வீடுகள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் பிடிக்க அந்த ஒரு பீலிதான். மலையிலிருந்து இறங்கும் ஓடையில் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறோம். மழை விட்டதிலிருந்து இதே கதை. பகலில் நின்றுவிடும், விடியும்போது குடம் குடமாக வரும்.

"மேல்கணக்குக்காரனுங்க வேலைதான்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தோட்டத்தின் மேல்பிரிவில், ஓடையோரமாக இன்னும் உயரத்தில் இருக்கும் லயத்தைச் சொன்னார். "பகல்ல மறிச்சு போஞ்சிப் பாத்திக்குப் பாய்ச்சுறாங்க. ராவுல தொறந்து விட்டுட்டு நல்லவன் மாதிரி தூங்குறாங்க."

பௌர்ணமிப் போயா விடுமுறை. ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் போய் மேல்கணக்குக் குழாயை உடைப்பது என்று முடிவாயிற்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் குறுக்கே வந்தாள். "மாமா, யாரும் மறிக்கல. மரமும் தேயிலையும் பகல்ல வேரால தண்ணிய இழுத்து எல வழியா ஆவியா விடுது. மழை இல்லாதப்ப ஓடைக்கு மண்ணுலேருந்து ஊறுற தண்ணி மட்டுந்தான். அதையும் மரம் குடிச்சா நமக்கு என்ன மிஞ்சும்? ராவுல அது அவ்வளவா குடிக்காது. அதான் காலையில வருது."

"அப்ப மரத்து மேல போலீசுல என்ட்ரி போடுவமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "முந்தாநாள் பூரா மூட்டமா இருந்திச்சே, அன்னைக்கு ஏன் பீலி நிக்கல? மேல்கணக்குல அன்னைக்கு லீவா?"

ஆனாலும் குழாயை உடைக்கப் போகும் முடிவு மாறவில்லை.

அதன்பிறகு மகள், ஓடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போயிருக்கிறாள். நான்கு மணியாகியும் திரும்பவில்லை. தொலைபேசி அடித்தால் சிக்னல் இல்லை. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் சிறுத்தையும்தான் நினைவுக்கு வந்தன. அவளைத் தேடி ஓடைக்குப் போனேன்.

யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, எங்கள் குழாய் தொடங்கும் குழியில் ஒரு குச்சி நட்டிருந்தது. தண்ணீர் மட்டம் பார்க்கக் கத்தியால் கீறிய கோடுகள் வரிசையாகக் கீழிறங்கின. கடைசிக் கோட்டையும் விட்டுத் தண்ணீர் இறங்கியிருந்தது. பாறைமேல் அவள் குடை. அவள் இல்லை.

கூப்பிட்டேன். பதில் வரவில்லை. லயத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வரலாம். ஆனால் அவர்கள் எந்த மனநிலையில் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் என் பிள்ளை நிற்கக்கூடாது. அவள் இல்லாமல் இறங்குவதில்லை என்று ஓடையைப் பிடித்து மேலே ஏறினேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினேன்.

வளைவில் ஆள் வரும் சத்தம். மேல்கணக்கில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அவருக்குப் பின்னால் முழங்கால் வரை சேற்றோடு என் மகள்.

"புள்ளைய ஏசாதீங்க அண்ணே," என்றார் அந்த அம்மா. "எங்க பீலியும் பகல்ல நிக்குதான்னு கேட்டு வந்திச்சு. நிக்குதே. தொரை பங்களாவுல மறிக்கிறாங்கன்னு எங்க ஆளுங்க சண்டைக்கு நிக்கிறாங்க. அவங்கள நான் பாத்துக்கிறேன், உங்காளுங்கள நீங்க பாருங்க. ராத்தண்ணி வீணாத்தானே போவுது. ரெண்டு லயமும் சேந்து ஒரு தொட்டி கட்டுவம்."