வளைவு படிக்கிறவள்

ஈர விரலால் சமையல் மேடையில் எழுதிக்கொண்டிருந்தாள். கிரேக்க எழுத்துகள்: கீழே ஒரு மியூ, மேலே ஒரு நியூ. சமன்பாட்டின் கடைசி உறுப்பை எட்டுவதற்குள் முதல் உறுப்பு காய்ந்துவிட்டது. மறுபடி குழாயைத் திறந்து விரலை நனைத்தாள். பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை கூடம்வரை போய், கணவர் ஓடிவந்து அடுப்பை அணைக்கும்வரை அவள் அந்த வீட்டிலேயே இல்லை.

"எங்கம்மா போயிட்ட?"

"இங்கதாங்க. சூரியனுக்குப் பக்கத்துல."

காலையில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை இயற்பியல். மகள் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய அதே வாரம் இவள் போய் அந்தப் படிப்பில் சேர்ந்துகொண்டாள். வகுப்பில் எல்லாருக்கும் அவள் 'அக்கா'. பேராசிரியரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் "டாக்டர் வர எவ்வளவு நேரமாகும்?" என்றால், "யாரோட கடிகாரத்துல?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் எடுத்திருந்த விருப்பப் பாடமான பொதுச் சார்பியலின் முதல் அத்தியாயமே அவருக்கு ஆகவில்லை. கயிறு அறுந்து விழும் லிஃப்டுக்குள் இருப்பவனுக்குத் தன் எடையே தெரியாது என்று அவள் ஆசை ஆசையாக விளக்க, அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கயிறு எப்படி அறும்? ஒத்தக் கயிறா போட்டிருக்கோம்? பிரேக் எங்க போச்சு? எவன் சர்வீஸ் பண்ணது?"

"சும்மா நினைச்சுப் பாருங்கன்னு சொல்றாங்க, அவ்வளவுதான்."

"நினைச்சுக்கூடப் பார்க்கக் கூடாதும்மா!"

போன வருடம் அந்தத் தாளில் மட்டும் தவறிவிட்டாள். பேராசிரியர் அறைக்கு அழைத்து, "விருப்பப் பாடம்தானேம்மா, லேசா வேற ஒண்ணு எடுத்துக்கலாமே. இன்னொரு தடவை போச்சுன்னா பட்டமே கைக்கு வராது" என்றார்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வெளிச்சம் வளையுதுன்னு சொல்லிக் குடுத்துட்டீங்க சார். ஏன் வளையுதுன்னு தெரியாம எப்படி எழுந்து போறது?"

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, வீடு வரும்வரை பேருந்தில் அழுதாள். மறுநாளிலிருந்து பால் காய்ச்சுவது கணவர் வேலையாயிற்று.

அதன் பிறகு ஒரு முற்பகல். மருத்துவமனைத் தரையில் வெயில் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி இருந்தவளுக்குச் சட்டென்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எறிந்த கல்லும் சுற்றும் நிலாவும் வளைந்த வெளியில் கண்முன்னே மெதுவாக மிதந்தன. "யாருமே இழுக்கலை" என்றாள் வாய்விட்டு. "அது பாட்டுக்கு அதோட வழியில போகுது." பல் பிடுங்கக் காத்திருந்த மனிதர், தன்னைத்தான் தேற்றுகிறாள் என்று நினைத்து நன்றியோடு தலையாட்டினார்.

இந்த வருட முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது அவள் கிட்டேயே போகவில்லை. வகுப்புப் பெண் ஒருத்திதான் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள்: "அக்கா, பாஸ்!" கணவருக்கு ஃபோன் செய்தாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவர் யாரிடமோ கூவுவது கேட்டது: "என் வீட்டம்மா பாஸாயிட்டாங்கய்யா!"

எல்லாருமாகக் கேண்டீனுக்குக் கிளம்பினார்கள். பாதிப் படியில் அவள் நின்று, கத்திச் சொன்ன அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

"பரீட்சையில வந்துச்சே, அந்தப் புதன் கிரகக் கணக்கு... நான் பாதியில விட்டுட்டேன். உனக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"அதான் பாஸாயிட்டீங்களேக்கா! இனிமே அது எதுக்கு?"

அதற்குள் அவள் படியில் உட்கார்ந்து, பையை மடியில் போட்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தாள்.