காற்றாடி இறைத்த கிணறு

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி, பெரியப்பாவுக்கு ஒரு வாழைத் தோட்டமும் கிணறும் இருந்தன. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அந்த ஒரே தண்ணீர்தான். சற்று மேட்டில் தோல் பதனிடும் ஷெட். அதன் கழிவுநீர் எங்கள் வேலியோர ஓடையில் போகும். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் நான் பெரியம்மாவிடம் வளர்ந்தேன்.

காற்றாடி வரும்வரை கிணற்றில் டீசல் இன்ஜின். அதன் புகை கொடியில் காயும் துணியில் கரியாகப் படியும். பெரியம்மா அதைத் திட்டாத நாளில்லை. டீசல் விலையை நினைத்து, கடைசி வாழை நனைந்ததும் பெரியப்பா ஓடிப்போய் நிறுத்திவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில், அரசு மானியத்தில், தண்ணீர் இறைக்கும் காற்றாடி வந்தது. உயரமான இரும்புக் கால்கள், தகரச் சக்கரம், பின்னால் ஒரு வால். வாலைச் சங்கிலியால் இழுத்துக் கட்டினால் சக்கரம் நின்றுவிடும். ஷெட்டில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு பாய் வேலியோரம் நின்று கேட்டார்:

"இன்னா தோஸ்த், ஏரோப்ளேன் எப்போ கிளம்புது?"

"சொல்றேன் பாய். உனுக்கு ஜன்னல் சீட்டு."

ஆடி பிறந்தது. சக்கரம் இரவும் பகலும் சுற்றியது. தொட்டி வழிந்து வரப்பு உடைந்தது.

"போதும், கட்டிப் போடுங்க," என்றாள் பெரியம்மா.

"இன்னாமே நீ, சும்மா வர்ற காத்து. ஓடிட்டுப் போவட்டும்."

முதலில் பருப்பு வேகாமல் போயிற்று. பெரியப்பா மளிகைக் கடையில் சண்டை போட்டு வேறு பருப்பு வாங்கி வந்தார். அதுவும் வேகவில்லை. பிறகு வாழை இலைகளின் ஓரம் கருகியது. அந்தப் பழியை வெயிலின் மேல் போட்டார். ஒருநாள் பாய் வந்து, காற்றாடிக் குழாயில் கொட்டிய தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்து, உடனே துப்பினார். அன்று ஏரோப்ளேன் பேச்சில்லை.

"இது எங்க ஷெட்டு தண்ணி தோஸ்த். உப்பு. கிணத்தை ஜாஸ்தி இறைச்சிட்டே. ஓடையில இருக்கறது உள்ள ஊறி வந்துடுச்சு."

அன்றே பெரியப்பா வாலைக் கட்டினார். குடிதண்ணீர் தூரத்துக் கிணற்றிலிருந்து பெரியம்மாவின் இடுப்பில் வந்தது.

வாழையெல்லாம் சாய்ந்த பிறகு, ஒரு காலை சக்கரம் மறுபடி சுற்றுவதைப் பார்த்துக் குதித்தேன்.

"காத்து நல்லாயிடுச்சா பெரியப்பா?"

"காத்துக்கு இன்னாம்மா, அது எப்பவும் நல்லாத்தான் இருக்குது."

இப்போது தண்ணீர் தோட்டத்துக்குப் போகவில்லை. வாய்க்கால் வெட்டி ஓடையிலேயே விட்டிருந்தார். கெட்டதை இறைத்துத் தீர்த்தால் அடியிலிருந்து நல்லது ஊறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டேன். தினமும் காலையில் பெரியம்மா குழாயடியில் ஒரு வாய்த் தண்ணீர் எடுப்பாள். பெரியப்பா வேலை எதையும் தொடாமல் அவள் முகத்தையே பார்த்து நிற்பார். அவள் துப்புவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

பெரியம்மா வாய் கொப்பளிக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.