சுவரை விட்டுத் தள்ளி

காலடிப்பேட்டையில் எங்கள் முன்னறை பத்துக்குப் பத்துதான். ஆனால் திருவிழா ரேடியோ செட் பக்கத்தில் நின்றே வளர்ந்தவன் நான். நெஞ்சில் வந்து குத்தாத பாட்டு எனக்குப் பாட்டே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கர் ஜோடியை வாங்கி, இடத்தை அடைக்காமல் சுவரோடு ஒட்டி வைத்தேன். பாட்டு குடத்துக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. விடாமல் சத்தத்தைக் கூட்டினேன்.

ஒரு பகலில் அடுத்த வீட்டு மேரி வந்து நின்றாள்.

"அண்ணே, பாட்டு வேணான்னு சொல்லல. சொவுருதான் அதிருது. எங்க வூட்டுக்காரு நைட்டெல்லாம் ஹார்பர்ல கிரேன் ஓட்டிட்டு இப்பதான் பட்த்துகினு கீறாரு. தூக்கம் கெட்டா, அம்மாம் ஒசரத்துல ஏறி இன்னா பண்ணுவாரு?"

இரண்டு வீட்டுக்கும் அது ஒரே சுவர் என்பது அப்போதுதான் உறைத்தது. இடம் பண்ண நாற்காலி ஒன்றைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு நன்றாக முன்னால் இழுத்தேன். சத்தத்தையும் பாதியாகக் குறைத்தேன். மனமில்லாமல்தான் உட்கார்ந்தேன். இரைச்சல் அடங்கியிருந்தது. பாடுகிறவள் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது.

போன வாரம் மேரியின் கணவர் டீக்கடையில் விசாரித்தார். "இன்னாண்ணே, இப்பல்லாம் பாட்டே போட்றதில்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பகல் முழுக்கப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மனிதர் நன்றாகத் தூங்குகிறார்.